மழையில் நின்ற வேலைக்குக் கூலி: எந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குவது?

காலை 8 மணிக்கு ஷிப்ட். 8.30-க்கு மழை பிடித்துக்கொள்கிறது. சாரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டுகிறார்கள். "இருங்கப்பா, விட்டுடும்" என்கிறார் மேஸ்திரி. விடவில்லை. 9.30-க்குக் கேட்டாலும் அதே பதில், 10.30-க்கும் அதே பதில். 11.30-க்கு அவருக்கு ஒரு ஃபோன் வருகிறது. பேசி முடித்துவிட்டு, "இன்னைக்கு இவ்வளவுதான், கிளம்புங்க" என்கிறார்.

வருகைப் பதிவேட்டில் அந்த நாளுக்கு என்ன எழுதுவது? அந்தப் பதிவேட்டை எழுதுகிற வேலையில் நான் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு நாளில் "அரை மணி நேரம்" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஈரச் சட்டையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த 14 பேரின் நேரம் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. திருத்தச் சொல்லிக் கேட்கலாம் என்றால் கையில் ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது, ஏனென்றால் வேலைக்குச் சேரும்போது மழை நாளைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் அடுத்த வேலைக்குப் பேசும்போதோ, இருக்கிற ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதோ, மழை, புயல், கடும் வெயில் நாட்களுக்கு எந்த ஏற்பாட்டைக் கேட்பது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் இந்த ஒரே நாளை வைத்தே அளக்கிறேன்: எட்டு மணி நேர வேலை நாள், அரை மணி நேரம் வேலை நடந்தது, மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள், மீதி நாலரை மணி நேரம் போயே போய்விட்டது.

சதவீதத்தில்தான் எல்லோரும் முதலில் இறங்குகிறார்கள், பாதிக் கூலியா முக்கால் கூலியா என்று. அதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டியது கடிகாரம் என்பேன். வேலை உண்டா இல்லையா என்று எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், சொல்லும்வரை காத்திருக்கிற நேரம் யார் கணக்கில் ஏறும், இந்த இரண்டும் எழுத்தில் இல்லையென்றால் எந்தச் சதவீதம் வாங்கினாலும் அது காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம்.

உலகத்தில் பெரும்பாலான தினக்கூலிக்காரர்களுக்கு இருப்பது முதல் வகை: செய்த மணிக்கு மட்டும் கூலி. நம் கணக்கில் அரை மணி நேரம், அதாவது ஒரு நாள் கூலியில் பதினாறில் ஒரு பங்கு. வந்துபோன வண்டிச் செலவுக்குக்கூடக் காணாது. இதில் முதலாளிக்குச் சீக்கிரம் முடிவெடுக்க எந்தக் காரணமும் இல்லை என்பதுதான் பெரிய கோளாறு. காத்திருக்க வைப்பது அவருக்கு இலவசம், மழை விட்டால் ஆள் தயாராக இருப்பார்கள், விடாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. 11.30 வரை இழுத்ததற்கு மேஸ்திரியின் குணம் காரணமில்லை, அந்த ஏற்பாடே அப்படித்தான் இழுக்கச் சொல்கிறது. கொஞ்சம் கூடுதல் தினக்கூலி தருகிறோம், மழை நாளைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று பேரம் பேசுவார்கள். வருடத்தில் மழையால் எத்தனை நாள் போகிறது என்று மூன்று நான்கு வருடக் கணக்கை நீங்களே வைத்திருந்தால் ஒழிய அந்தப் பேரத்துக்கு இறங்காதீர்கள்.

இரண்டாவது, வந்ததற்கான கூலி. வேலைக்கு வந்தாயிற்று, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் குறைந்தபட்சம் இத்தனை மணிக்குக் கூலி என்பது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது விதியாகவே இருக்கிறது: அன்றைக்குத் திட்டமிட்ட நேரத்தில் பாதி, 2 மணி நேரத்துக்குக் குறையாமல், 4 மணி நேரத்துக்கு மேல் போகாமல். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதே விதியில் இயற்கைச் சீற்றத்தால் வேலை நின்றால் இது பொருந்தாது என்று ஒரு விலக்கும் உண்டு. அதாவது நமக்கு எந்த நாளில் தேவையோ அந்த நாளில் கைவிட்டுவிடும். இந்த வகை வாசகத்தை ஒப்பந்தத்தில் கேட்கிறவர்கள் "வானிலை காரணமாக நின்றாலும் இது பொருந்தும்" என்ற வரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு விலக்கைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாலு மணி நேரக் கூலி உறுதி என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் வேலையும் காத்திருப்பும் சேர்ந்தே மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆக இந்த ஏற்பாடு கூடுதலாகக் கொடுத்தது அரை மணி நேரக் கூலி மட்டும். எப்படியும் நாலு மணிக்குப் பணம் கொடுக்கத்தான் போகிறோம், மத்தியானம் வரை உட்கார வைப்போம் என்று நினைப்பதும் மனித இயல்புதான். வந்த உடனே திருப்பி அனுப்புகிற வேலைகளுக்கு, உதாரணமாகத் திறந்தவெளி நிகழ்ச்சி வேலை, சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை, அறுவடை வேலை இவற்றுக்கு இது நல்ல ஏற்பாடு. இழுத்து இழுத்துக் காத்திருக்க வைக்கிற கட்டட வேலைக்கு இது மட்டும் போதாது.

பிரிட்டனில் வேறு மாதிரி. 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி, வேலை கொடுக்க முடியாத நாளுக்கு உத்தரவாதத் தொகை என்று ஒன்று உண்டு. மூன்று மாத காலத்தில் 5 நாட்களுக்கு மட்டும், நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்போடு. ஆனால் அந்த நாளில் கொஞ்ச நேரம் வேலை நடந்திருந்தாலும் அது வேலையில்லா நாள் ஆகாது. நம் 8.30 மழைக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. முதல் அரை மணி நேர வேலையே உரிமையைச் சாப்பிட்டுவிடும்.

மூன்றாவது, விடுப்பில் கழித்துக்கொள்வது. அன்றைக்கு முழுச் சம்பளம் வரும், ஆனால் விடுப்புக் கணக்கில் ஒரு நாள் போகும். மாதச் சம்பளக்காரர்களிடம் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில், மணிக்கணக்கில் அல்லாமல் முழுச் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் அந்த வாரத்தில் கொஞ்சமாவது வேலை செய்திருந்தால், நிறுவனம் புயலுக்கு மூடியதற்காகச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆனால் விடுப்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பணம் கையில் வருவதால் யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. எனக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதில்லை. விடுப்பு என்பது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதும் வீட்டில் ஒரு காரியம் என்றாலும் நாம் எடுக்க வைத்திருப்பது, மழை பெய்ததற்கு அதைக் கொடுத்தால் நிறுவனத்தின் நஷ்டத்தை நம் குடும்பத்து நாளால் அடைக்கிறோம். வேறு வழியே இல்லை, விடுப்பா சம்பளமில்லா நாளா என்று கேட்கிறார்கள் என்றால், முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதையாவது எழுதி வாங்குங்கள். சிலருக்கு அந்த மாதம் பணம் முக்கியம், சிலருக்கு விடுப்பு முக்கியம்.

நான்காவது, ஈடு வேலை. இன்றைக்கு முழுக் கூலி, போன நாலரை மணி நேரத்தை இன்னொரு நாள் செய்து கொடுக்க வேண்டும். இது நியாயமாகத் தெரியும், பல இடங்களில் தொழிலாளிகளே இதை விரும்புகிறார்கள், எனக்கும் இதில் அடிப்படையில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இதில்தான் மிக அதிகமாக ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்த நாலரை மணி நேரத்தை எப்போது செய்வது? வார விடுமுறை நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக அந்த நாளில் வேலை செய்தால் ஓவர்டைம் கூலி வரும். ஒன்றரை மடங்கு என்றால் நாலரை மணி நேரத்துக்கு ஆறே முக்கால் மணி நேரக் கூலி. "இது ஈடு வேலைதானே" என்று சாதாரணக் கணக்கில் போட்டால் இரண்டே கால் மணி நேரக் கூலி சத்தமில்லாமல் போய்விட்டது. இரட்டைக் கூலி என்றால் நாலரை மணி நேரக் கூலியும் போச்சு, அதாவது மழை நாளில் கொடுத்ததை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்து, மழைக்காலம் முழுக்க இப்படிச் சேர்ந்து 40 மணி நேரக் கடன் ஆகிவிட்டது, நீங்கள் வேலையை விட்டுப் போகிறீர்கள், கடைசிச் சம்பளத்தில் அதைப் பிடிப்பார்களா? எதுவும் எழுதவில்லை என்றால் பிடிப்பார்கள்.

ஆகவே ஈடு வேலைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் ஐந்து விஷயத்தைப் பேசிவிட வேண்டும். எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும், 30 நாளுக்குள் அவர்கள் வேலை கொடுக்காவிட்டால் கடன் ரத்து என்பதுபோல. ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் என்றால் ஓவர்டைம் வித்தியாசம் உண்டா. வேலையை விட்டால் கடன் என்ன ஆகும். தைவானில் புயல் நாளுக்கான தொழிலாளர் துறை வழிகாட்டுதல் இதில் தெளிவாக ஒரு கோடு போடுகிறது: புயலால் வர முடியாத நாளை ஆப்சென்ட் என்று போடக் கூடாது, விடுப்பெடுக்கச் சொல்லக் கூடாது, ஈடு வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஒரு நாளும் விடாமல் வந்ததற்குத் தரும் முழு வருகைப் படியைப் பிடிக்கக் கூடாது. கூலியைப் பொறுத்தவரை பிடிக்காமல் இருப்பது நல்லது என்று மட்டும் சொல்கிறது. நாளுக்குப் பாதுகாப்பு உண்டு, பணத்துக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. நேர அட்டவணை உரிமையும் கூலி உரிமையும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாவது, பொது நிதி. மழை நாள் கூலியைத் தனி முதலாளியின் தலையில் கட்டாமல் தொழில் முழுவதற்கும் ஒரு நிதி வைத்து அதிலிருந்து கொடுப்பது. பிரான்ஸில் கட்டடத் தொழிலுக்கு 1946 அக்டோபர் 21 சட்டத்திலிருந்தே இது இருக்கிறது. பனி, உறைபனி, மழை, பலத்த காற்று, வெள்ளம் இவற்றால் வேலை நின்றால் இழந்த மணிக்கு 75% கூலி, வாரத்துக்கு முதல் ஒரு மணி நேரம் மட்டும் தொழிலாளியின் நஷ்டம், வருடத்துக்கு 55 நாள் வரை. 2024 ஜூனில் ஓர் ஆணை மூலம் கடும் வெப்ப அலையையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஜெர்மனியில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மட்டும், இழந்த நிகரச் சம்பளத்தில் 60%, பிள்ளை இருந்தால் 67%. அந்த மாதங்களில் வானிலையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. கட்டுமானத் தொழிலில் குளிர்கால வேலைவாய்ப்புக்கென்று மொத்தக் கூலியில் 2% தனியாகப் பிடிக்கிறார்கள், முதலாளி 1.2%, தொழிலாளி 0.8%, இதன் கூடுதல் சலுகைகளுக்கான பணம் அதிலிருந்துதான் வருகிறது. இத்தாலியில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் ஊதிய ஈட்டு நிதியிலிருந்து, உச்சவரம்புக்கு உட்பட்டு, 80% கேட்க முடியும்.

நீண்ட கால நோக்கில் சந்தேகமே இல்லாமல் இதுதான் சிறந்தது. சின்ன காண்டிராக்டர் மழை நாளில் "என்கிட்ட பணம் இல்லப்பா" என்று சொல்வது பல நேரம் உண்மைதான். அன்றைக்கு அவருக்கும் வரவு இல்லை. நிதி இருந்தால் வெயில் நாளில் சேர்த்தது மழை நாளில் வருகிறது, காண்டிராக்டரும் தொழிலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இது சட்டமோ பெரிய சங்கமோ இல்லாமல் நடக்காது என்பதுதான் குறை. முறைசாராத் தொழிலாளிகளிடம் இதற்கு நெருக்கமான ஒன்றை சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான, இந்தியாவின் சேவா அமைப்பு முயன்றிருக்கிறது: வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் யாரும் நஷ்டத்தை நிரூபிக்காமலே பணம் வருகிற காப்பீடு, 2023-இல் 21,000 பெண்களோடு தொடங்கியது. தொகை சின்னது, ஆனால் முதலாளியே இல்லாதவர்களுக்கும் பொருந்துகிறது.

நிதி இல்லாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் பலரும் பார்க்காத ஒரு காகிதம் இருக்கிறது. உங்கள் காண்டிராக்டருக்கும் கட்டடத்தின் உரிமையாளருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருக்கும், அதில் வானிலைக்கென்று தனிப்பிரிவு பெரும்பாலும் இருக்கும். கட்டுமான வேலைகளுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிடிக் என்ற மாதிரி ஒப்பந்தத்தில் வழக்கத்துக்கு மீறிய மோசமான வானிலைக்குக் காண்டிராக்டருக்கு அவகாசம் நீட்டித்துக் கொடுக்கிறார்கள், அபராதத்திலிருந்து அவர் தப்புகிறார். பிரிட்டனில் உருவான என்.ஈ.சி. என்ற இன்னொரு மாதிரி ஒப்பந்தத்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறைகூட வராத அளவு வானிலை என்று பதிவானால் அவகாசத்தோடு பணமும் உண்டு. அதே மழைதான், அதே சைட்தான், மேலே இருப்பவருக்குப் பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறது. மழைக்காக அவகாசம் கேட்டு அவர் எழுதுகிற கடிதத்தில் எந்தெந்த நாள் வேலை நின்றது என்று தேதி போட்டுத்தான் எழுதுவார். அந்தத் தேதிகளும் உங்கள் வருகைப் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, பேச்சுவார்த்தையில் வலுவான கோரிக்கையும்கூட.

இந்தியச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வாசகம் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப், அதாவது வேலை கொடுக்க முடியாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது, என்பதற்கான விளக்கம் அது, 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஷிப்ட் நேரத்துக்கு வந்து நின்றவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால் அன்றைக்கு லே-ஆஃப், அதற்குப் பாதிக் கூலி. "இரண்டாவது பாதிக்கு வா" என்று சொல்லி, வந்தும் வேலை கொடுக்காவிட்டால் அந்தப் பாதிக்கு முழு அடிப்படைக் கூலியும் அகவிலைப்படியும். பாருங்கள், எத்தனை மணி என்று கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. வரச் சொல்லி ஏமாற்றினால் தொகை கூடுகிறது. ஆனால் இந்த ஈட்டுத்தொகை 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றில் ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்குத்தான், அன்றாடக் கூலியாய் வந்துபோகிறவர்களுக்கு இல்லை. சட்டம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் வாசகத்தைக் கடன் வாங்கி உங்கள் ஒப்பந்தத்தில் போடுவதை யாரும் தடுக்க முடியாது.

காத்திருப்பு எப்போது வேலை, எப்போது சொந்த நேரம் என்பதற்கு அமெரிக்க விதிகளில் ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. நீங்கள் கிளம்பிப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லி, திரும்ப வர வேண்டிய நேரத்தையும் திட்டமாகச் சொல்லி, இடையில் உங்கள் சொந்தக் காரியம் பார்க்கிற அளவு நேரமும் இருந்தால் அது உங்கள் நேரம். இதில் ஒன்று குறைந்தாலும் அது வேலை நேரம். "இருங்கப்பா, விட்டுடும்" என்பதில் மூன்றும் இல்லை. இடி இடித்தால் கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது என்பது பாதுகாப்பு அறிவுரை, அதுவரை இருக்கச் சொன்னால் அந்த 30 நிமிடமும் வேலை நேரம்தான்.

யார் நிறுத்தச் சொல்வது என்பதையும் விட்டுவிடக் கூடாது. மேஸ்திரியின் கண்ணளவுக்கு விடாமல் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை, அதோடு வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். ஸ்பெயினில் வாலென்சியா வெள்ளத்துக்குப் பிறகு 2024 நவம்பரில், அதிகாரிகள் நடமாட்டத்தைத் தடுத்தாலோ உடனடி ஆபத்து இருந்தாலோ 4 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று கொண்டுவந்தார்கள். எண்ணே இல்லாத இடத்திலும், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை சொல்கிறது.

அப்போது எதைக் கேட்பது? கட்டட வேலை, சாலை வேலை மாதிரி ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வேலை என்றால் காத்திருப்புக்கு முழுக்கூலியும், அனுப்பிய பிறகு இழந்த நேரத்துக்கு ஒரு சதவீதமும் சேர்த்துக் கேளுங்கள். பாதி என்றால் நம் நாளுக்கு ஐந்தே முக்கால் மணி நேரக் கூலி வரும், 75% என்றால் ஆறே முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேல். பாதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டி வந்தால்கூட ஒத்துக்கொள்ளலாம், காத்திருப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் அது போனால் இரண்டே முக்கால் மணி நேரக் கணக்கில் போய் நிற்போம். ஒருநாள் இருநாள் வேலைக்கு வந்ததற்கான கூலி போதும், வானிலை விலக்கு இல்லாமல். பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில் செய்கிறவர்கள் கடைசி நாலு வார சராசரியை வைத்து மணிக்கணக்கு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காத்திருப்புக்கு விலையே இருக்காது. மழையில் கூடுதல் ஊக்கத்தொகை காட்டி ஓடவைக்கிற டெலிவரி வேலையில் பிரச்சினை தலைகீழ்: அங்கே முதலில் வேண்டியது ஆர்டரை மறுத்தால் ரேட்டிங் குறையாது என்ற உறுதி.

எழுத்தில் கேட்க வேண்டியதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: "வேலை இல்லையென்றால் ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே சொல்லப்படும். சொல்லாமல் வந்தவருக்கு நாலு மணி நேரக் கூலி. இருக்கச் சொன்ன நேரம் முழுக்க வேலை நேரம். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் வேலை தொடங்காவிட்டால் முடிவு சொல்லப்படும். அனுப்பிய பிறகு மீதி நேரத்துக்குப் பாதிக் கூலி. விடுப்பில் கழிப்பதும் ஈடு வேலையும் தொழிலாளி சம்மதித்தால் மட்டும்."

கையெழுத்து போட மாட்டேன் என்றால்? அப்படியும் சொல்வார்கள். அப்போதும் ஒரு காரியத்தை இன்றைக்கே தொடங்கலாம், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், அல்லது எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு. மழை நாளில் யாராவது ஒருவர் அங்கேயே, அப்போதே எழுதிவிட வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு நான்கு வரி போதுமாயிருந்திருக்கும்: 8.30 மழை. 8.35 இருக்கச் சொன்னார்கள். 11.30 போகச் சொன்னார்கள். இருந்தவர்கள் 14 பேர்.